மார்கழிக் குளிரில் மலைப்பாதை சைக்கிளுக்கு உடுத்தும் முறை

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்திலும், கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உயரம் 1,000 மீட்டர் கூடக்கூட வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதால், மார்கழி விடியலில் அடிவாரத்தில் 20 டிகிரி இருந்தால், அதே வேளையில் மேலே 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஏறும்போது உடல் சூடேறி வியர்வை வழியும். இறங்கும்போது மிதிக்கும் வேலையே இராது, காற்று மட்டும் முகத்தில் அறையும். ஆகவே ஏற்றத்துக்கு உடுத்துவது, இறக்கத்துக்குப் பையில் கொண்டுபோவது என்று துணிகளை முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும். புறப்படும்போது இலேசாகக் குளிர்ந்தால் உடுப்பு சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். வீட்டு வாசலிலேயே கதகதப்பாக இருந்தால், முதல் ஏற்றத்திலேயே ஒன்றைக் கழற்ற நேரிடும்.

உடலை ஒட்டி அணியும் துணியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். திருப்பூரை அருகில் வைத்திருக்கும் நமக்குப் பருத்தி பனியன்மீது பற்று இருப்பது இயல்பே. ஆனால், பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நனைந்த துணி உலரும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துக்கொள்வதால், இறக்கத்தில் முதுகும் வயிறும் சில்லிட்டுவிடும். அதே திருப்பூரில் தயாராகும் பாலியஸ்டர் விளையாட்டு ஜெர்சி ஈரத்தை வெளிப்பக்கம் தள்ளி விரைவில் உலரும். மெல்லிய மெரினோ கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூடு தரும், விலைதான் கூடுதல். எதுவானாலும் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கும் துணி வியர்வையை இழுக்காது.

அதன்மேல் மெல்லிய ஃபிளீஸ் (மென்மயிர் பரப்புள்ள செயற்கை இழைச் சட்டை) ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் காற்றைத் தடுக்கும் மேலாடையான விண்ட்சீட்டர் ஒன்று. தடித்த கம்பளி ஸ்வெட்டரை நம்புவதைவிட விண்ட்சீட்டரை நம்புவது நல்லது, ஏனெனில் காற்று ஸ்வெட்டரின் கண்கள் வழியே உள்ளே புகுந்துவிடும். 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், தோலுக்கு அது 6 டிகிரிபோல உறைக்கும். மடித்தால் கையளவில் அடங்குவதும், அக்குளில் ஜிப் உள்ளதும், முதுகுப்புறம் சற்று நீண்டதுமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விண்ட்சீட்டர் இல்லாதவர்கள் நாளிதழை விரித்து நெஞ்சுக்கும் ஜெர்சிக்கும் நடுவே செருகிக்கொள்ளலாம். பார்ப்பவர் சிரித்தாலும் காற்று தடைபடும்.

குளிரைப் பொறுத்துக்கொள்ளவே கூடாத உறுப்பு கை, ஏனெனில் பிரேக் அதன் பொறுப்பில் இருக்கிறது. விரல் மரத்துப்போனால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. ஈரச் சருகு கிடக்கும் மண் பாதையில் இது விபத்தில் முடியும். விரல் முழுவதும் மூடும், காற்றுப் புகாத, மெல்லிய கையுறையே போதும். கடையில் அணிந்து பார்க்கும்போது ஒரே விரலால் பிரேக் பிடியை இழுப்பதுபோல மடக்கிப் பாருங்கள். விரல் நுனியில் துணி மடிந்து நின்றால் வேண்டாம். ஏற்றத்தில் கையுறை வியர்வையில் நனையும் என்பதால், இறக்கத்துக்கென உலர்ந்த இன்னொரு ஜோடியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி எடுத்துச் செல்வது வீண் சுமை ஆகாது.

முழங்காலைக் குளிரில் திறந்து விடாமல், இழுத்து மாட்டும் உறையால் மூடுங்கள். கம்பளிக் காலுறை ஒன்று போதும். இரண்டை அணிந்து ஷூவை இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் மேலும் சில்லிடும். மங்கி குல்லாவின்மேல் ஹெல்மெட் சரியாக அமராது. காதை மூடும் மெல்லிய தொப்பியும் கழுத்துத் துணியும் போதுமானவை.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியை அடுத்த தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி விழும். அங்கு ஓட்ட நினைப்பவர்கள் வெயில் நன்றாக ஏறிய பிறகு புறப்படலாம். காட்டுப் பாதைகளுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும்.

மேலே சென்றடைந்ததும், தேநீருக்கு முன்பே நனைந்த ஜெர்சியைக் கழற்றி உலர்ந்ததை மாட்டிக்கொண்டு, விண்ட்சீட்டரின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிடுங்கள். உடல் நடுங்கத் தொடங்கிய பிறகு உடுத்தினால் சூடு திரும்ப நெடுநேரம் ஆகும்.