பழைய பூங்கா வரைபடத்தின் காலத்தைக் கணிக்க

மதுரையின் பழைய புத்தகக் கடைகளில், வெளிநாடு சென்று வந்தவர்கள் கழித்துப்போட்ட காகிதங்களுக்கிடையே அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்காவில் நினைவுப்பொருளாக விற்ற வரைபடம் ஒன்று அகப்பட்டால், விலை பேசுவதற்கு முன் அதில் எது வரையப்பட்டிருக்கிறது என்பதைவிட எது இல்லை என்பதைக் கவனியுங்கள். 1955இல் திறக்கப்பட்ட அப்பூங்காவில் மேட்டர்ஹார்ன் என்ற செயற்கைப் பனிமலை 1959இலும், நியூ ஆர்லியன்ஸ் சதுக்கம் 1966இலும், ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டர் 1977இலும் சேர்ந்தன. ஆகவே சதுக்கம் இருந்து ஸ்பேஸ் மவுண்டன் இல்லாத தாள் பெரும்பாலும் இடைப்பட்ட ஆண்டுகளைச் சேர்ந்தது. வரவிருக்கும் பகுதிகளை முன்கூட்டியே வரைந்துவிடுவதும் உண்டு என்பதால், ஓரத்தில் பொடி எழுத்திலுள்ள பதிப்புரிமை ஆண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

நகல்கள் ஏராளம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆஃப்செட் அச்சின் சீரான புள்ளி வரிசைக்குப் பதிலாகச் சிதறிய மைத்துளிகள் தெரிந்தால் ஐயப்படுங்கள். மடிப்புக் கோடு கண்ணுக்குத் தெரிந்தும் விரலுக்குத் தட்டுப்படாவிட்டால், பழைய தாளைப் படமெடுத்து அச்சிட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

வாங்கியதை லேமினேஷன் செய்ய வேண்டாம். கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார், ஆனால் சேகரிப்பாளரிடம் அதன் மதிப்பு அன்றோடு சரி. கிழிசலில் செல்லோடேப்பும் ஒட்டாமல், பாலியெஸ்டர் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறையிலிட்டு, சித்திரை வெயில் படாத சுவரோரமாகத் தட்டையாக வைத்திருங்கள்.