இலங்கை மலையகத்தில் பியூட்டி சலூன் திறக்க என்னென்ன பத்திரம் வேண்டும்?

கதிரை, கண்ணாடி, ஸ்டீமர் எல்லாம் பிறகு வாங்கலாம். முதலில் கடை அமையப்போகும் இடத்துக்கு என்ன பத்திரம் இருக்கிறது என்று பாருங்கள். ஹட்டனோ தலவாக்கலையோ பண்டாரவளையோ, மற்ற விண்ணப்பங்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நகரும்.

வாடகைக் கடை என்றால், சிகை அலங்காரம், அழகுக்கலைத் தொழில் நடத்தத்தான் இடம் தரப்படுகிறது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். உரிமையாளரின் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) பிரதியையும் சோலைவரி (சபைக்குக் கட்டும் சொத்து வரி) பற்றுச்சீட்டையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். காசு கைமாறிய பிறகு "நாளைக்குத் தாரேன்" என்ற பதில்தான் வரும்.

லயத்திலோ (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) தோட்ட வீட்டிலோ தொடங்குபவர்களுக்கு இதுவே பெரிய சிக்கல். வீடு உங்களுடையதாக இருந்தாலும் காணி உறுதி பலரிடம் இல்லை. தோட்டத்து துரை (முகாமையாளர்) வாயால் "சரி" சொன்னது போதாது. தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் கையில் இருக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அறை இறக்குவதானால் உள்ளூராட்சி சபையின் கட்டட அனுமதி தேவை. நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் அதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் கேட்பார்கள். மேட்டை வெட்டிய பிறகு விண்ணப்பிக்கப் போகாதீர்கள்.

அடுத்தது வியாபாரப் பெயர்ப் பதிவு. தனியாளோ பங்காளிகளோ, பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், அடையாள அட்டைப் பிரதி, இடத்துக்கான பத்திரம் கொண்டுபோங்கள். அடையாள அட்டையில் லெட்சுமி, ஒப்பந்தத்தில் லட்சுமி என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். வங்கிக் கணக்கு திறக்கும்போது அந்த ஓர் எழுத்து வாசலிலேயே நிறுத்திவிடும்.

பெயரைப் பதிந்துவிட்டால் கடை திறக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தொழில் நடத்தும் உரிமத்தைத் தருவது உள்ளூராட்சி சபை: நுவரெலியாவில் மாநகர சபை, ஹட்டனில் ஹட்டன்-டிக்கோயா நகர சபை, வெளியே நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை போன்ற பிரதேச சபைகள். நகர எல்லையோரக் கடை என்றால் எந்தச் சபை என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். உரிமம் டிசம்பர் 31 வரைதான் செல்லும். நவம்பரில் எடுத்தாலும் ஜனவரியில் புதுப்பிக்க வேண்டும்.

உரிமத்துக்கு முன் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்ப்பார். கழுவக்கூடிய தரை, கை கழுவ ஓடும் தண்ணீர், மூடியுள்ள குப்பை வாளி, ஆளுக்கொரு சுத்தமான துவாய் எல்லாம் தயாராக இருக்கட்டும். தலை கழுவும் தண்ணீர் றோட்டுக் கானுக்கோ பீலிக்கோ (தண்ணீர் பிடிக்கும் இடம்) போகக் கூடாது. கீழே உள்ள லயம் அதைத்தான் குடிக்கும். பிளேடு ஒருவருக்கு ஒன்று. கத்தரிக்கோல், நகவெட்டி போன்றவற்றை முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, 5 சதவீத வீட்டுப் புளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, அலசித் துடைத்து உலர்த்துங்கள். அலசாமல் விட்டால் துருப்பிடிக்கும். கலவையைத் தினமும் புதிதாகச் செய்ய வேண்டும். காய்ந்த இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும் என்பதால் 'நேற்றுத்தானே கழுவினோம்' என்ற கணக்கு செல்லாது.

ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தாலும் முதல் நாளிலிருந்து ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) உண்டு. 30,000 ரூபாய் சம்பளத்தில் அவரிடம் 8 சதவீதம், அதாவது 2,400 கழிப்பீர்கள். உங்கள் பக்கம் 12 சதவீதம் 3,600, ஈ.டி.எஃப் 3 சதவீதம் 900. ஆக மாதம் 34,500 ஒதுக்குங்கள். 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளமே 30,000தான். 'பழக வந்த பிள்ளை' என்று சொல்லி 16 வயதுக்குக் குறைந்தவரை வைத்துக்கொள்வது சட்டவிரோதம்.

இறக்குமதியாளர் பெயரோ காலாவதித் திகதியோ இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்களை அலுமாரியில் வைக்காதீர்கள். பாதரசம் கலந்தவை இப்படித்தான் வந்து சேருகின்றன. குளுதாதயோன், போட்டொக்ஸ் ஊசிகள் மருத்துவரின் வேலை, சலூனில் போடக் கூடாது.

பெயர்ப் பலகைக்குச் சபையிடம் தனியாகக் கேட்க வேண்டும். அளவைச் சொல்லிக் கட்டணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு அடிக்கக் கொடுங்கள்.