பொது அறிவுக் கேள்விகள்: தெரிந்த விடையே காலை வாரும் இடங்கள்

‘உலகின் மிகப்பெரிய பாலைவனம் எது?’ என்று கேட்டு முடிப்பதற்குள் ‘சஹாரா’ என்று பதில் வந்துவிடும். சரியான விடை அண்டார்டிகா. மணலும் வெயிலும் இருந்தால்தான் பாலைவனம் என்றில்லை. மழையோ பனியோ மிகக் குறைவாகப் பெய்தாலே போதும். அந்தக் கணக்கில் சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அண்டார்டிகாவுக்கு முதலிடம். சுமார் 90 லட்சம் சதுர கிலோமீட்டர் உள்ள சஹாரா, மிகப்பெரிய ‘வெப்ப’ பாலைவனம்.

சஹாரா என்று சொன்னவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. படித்தபோது ‘வெப்ப’ என்ற சொல்லையும் சேர்த்துத்தான் படித்திருப்பார். நாளடைவில் அது உதிர்ந்துவிட்டது, சஹாரா மட்டும் தங்கிவிட்டது. விநாடி வினாவிலும் போட்டித் தேர்விலும் கைக்கு வந்த மதிப்பெண் நழுவுவது பெரும்பாலும் இப்படித்தான்: விடை நினைவில் இருக்கும், அது எந்த நிபந்தனையின் பேரில் சரி என்பது மறந்துபோயிருக்கும்.

எதன் கணக்கில் பெரியது?

‘மிக அதிகமாக உள்ள தனிமம் எது?’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரபஞ்சத்தில் என்றால் ஹைட்ரஜன். பூமியின் மேலோட்டில் என்றால் ஆக்சிஜன். அதே மேலோட்டில் உலோகங்களை மட்டும் பார்த்தால் அலுமினியம். பூமி முழுவதையும் எடைபோட்டால் இரும்பு. உட்கருவில் பெரும்பகுதி அதுதானே. காற்றில் என்றால் நைட்ரஜன், சுமார் 78 சதவீதம். சரி, மனித உடலில்? எடைக் கணக்கில் ஆக்சிஜன், அணுக்களின் எண்ணிக்கையில் ஹைட்ரஜன். இவற்றைத் தனித்தனி நாளில் தனித்தனி வரியாக மனப்பாடம் செய்பவர் தேர்வறையில் குழம்பத்தான் செய்வார். ஒரே இடத்தில் அடுத்தடுத்து எழுதி, எந்த இடத்தில் விடை மாறுகிறது என்று பார்த்துப் படித்தால் குழப்பம் வராது.

மலையும் அப்படியே. கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட். 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். அடிவாரத்திலிருந்து உச்சி வரை அளந்தால் ஹவாயின் மவுனா கியா முந்திவிடும். கடலுக்கு மேல் 4,207 மீட்டர்தான் தெரிகிறது, ஆனால் கடலடியிலிருந்து கணக்கிட்டால் 10,000 மீட்டரைத் தாண்டுகிறது. பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சிகரம் எது என்றால் ஈக்வடாரின் சிம்போராசோ. எவரெஸ்ட்டைவிட 2,500 மீட்டருக்கும் மேல் குள்ளமான மலை இது. ஆனால் பூமி நடுவில் புடைத்திருப்பதாலும், இது நிலநடுக்கோட்டுக்கு அருகிலேயே நிற்பதாலும் இந்தப் பெருமை கிடைத்துவிட்டது.

ஏரிகளில் காஸ்பியன், சுப்பீரியர், பைக்கால் என்ற மூன்றையும் மாற்றிப் போடுவது வழக்கம். பரப்பில் காஸ்பியன் மிகப்பெரியது, ஆனால் உப்பு நீர். நன்னீர் ஏரிகளில் பரப்பளவுக்கு சுப்பீரியர், ஆழத்துக்கும் நீரின் கொள்ளளவுக்கும் பைக்கால். பைக்காலின் ஆழம் 1,642 மீட்டர். இந்த 1642 என்ற எண் கீழே வேறு வேடத்தில் இன்னும் இரண்டு முறை வரப்போகிறது.

‘முதல்’ என்றாலே உஷார்

தொலைநோக்கியைக் கண்டுபிடித்தவர் கலிலியோ என்று எழுதினால் தவறு. 1608இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். செய்தி கேள்விப்பட்ட கலிலியோ 1609இல் தானே ஒன்றைச் செய்து, மேம்படுத்தி, வானத்தை நோக்கித் திருப்பினார். நீராவி எந்திரத்திலும் இதே கதை. நியூகோமனின் எந்திரம் 1712லேயே சுரங்கத்தில் நீர் இறைத்துக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் வாட் 1769இல் காப்புரிமை பெற்றது தனி ஒடுக்கக் கலனுக்கு, அதாவது நீராவியைக் குளிரவைத்து நீராக்கும் தனிக் கலனுக்கு. எரிபொருள் செலவைப் பெரிய அளவில் குறைத்த மேம்பாடு அது. புகழ் மேம்படுத்தியவருக்குப் போய்விடுவதால் ‘முதலில் கண்டுபிடித்தவர்’, ‘நடைமுறைக்கு ஏற்றதாக மாற்றியவர்’ என்று கேள்விகள் இரண்டாகப் பிரியும். எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உலகை முதலில் சுற்றி வந்தவர் மெகல்லன் என்பதும் பாதி உண்மைதான். அவர் 1521இல் பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். 1522இல் கப்பலை ஸ்பெயினுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் எல்கானோ.

‘ஒரே நபர்’ என்று தொடங்கும் கேள்விகளில் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு நோபல் பரிசு பெற்ற ஒரே நபர் மேரி கியூரி என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஜான் பார்டீன் இயற்பியலில் 1956லும் 1972லும் பெற்றார். ஃபிரெடெரிக் சேங்கர் வேதியியலில் 1958லும் 1980லும். லைனஸ் பாலிங் வேதியியலுக்கு 1954, அமைதிக்கு 1962. இரண்டையும் யாருடனும் பங்கிடாமல் பெற்றவர் அவர் மட்டுமே. கியூரிக்கு உரிய தனிச்சிறப்பு, இரண்டு வெவ்வேறு அறிவியல் துறைகளில் பெற்றது: 1903இல் இயற்பியல், 1911இல் வேதியியல்.

ஆண்டும் நாட்காட்டியும்

நோபல் என்றதும் ஐன்ஸ்டைனைச் சொல்லாமல் போக முடியாது. அவருக்குப் பரிசு சார்பியல் கோட்பாட்டுக்காகக் கிடைத்தது என்பது பலர் விழும் குழி. ஒளிமின் விளைவைத்தான் நோபல் குழு பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஆண்டிலும் ஒரு சிக்கல்: அது 1921ஆம் ஆண்டுக்கான பரிசு, அறிவிக்கப்பட்டது 1922இல்.

ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நடந்தது இன்றைய கணக்கில் 1917 நவம்பரில். அப்போது அங்கே பழைய ஜூலியன் நாட்காட்டிதான் புழக்கத்தில் இருந்தது. நூற்றாண்டுப் போர் 1337இல் தொடங்கி 1453இல் முடிந்ததால் 116 ஆண்டுகள். இவையெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவை. அதிகம் பேர் கவனிக்காத ஒன்று கலிலியோவும் நியூட்டனும் பற்றியது.

‘கலிலியோ இறந்த அதே ஆண்டில், 1642இல், நியூட்டன் பிறந்தார்’ என்று எத்தனையோ புத்தகங்களில் இருக்கிறது. கேட்கவும் அழகாக இருக்கிறது. கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலி அப்போதே பின்பற்றிய, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிப்படி. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இங்கிலாந்து அப்போதும் விடாமல் வைத்திருந்த ஜூலியன் நாட்காட்டிப்படி. அந்த நூற்றாண்டில் இரண்டுக்கும் வித்தியாசம் 10 நாள். இரண்டு தேதியையும் கிரிகோரியனுக்கு மாற்றினால் நியூட்டனின் பிறந்த நாள் 1643 ஜனவரி 4 ஆகிவிடும், ஆண்டு பொருந்தாது. சரி, இரண்டையும் ஜூலியனுக்கு மாற்றலாம் என்றால் கலிலியோ 1641 டிசம்பர் 29க்குப் போய்விடுவார். இரண்டு நாட்காட்டியைக் கலந்தால் மட்டுமே இந்தப் பொருத்தம் கிடைக்கும்!

ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டஸும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் இறந்தார்கள் என்பதும் இதே ரகம். ஷேக்ஸ்பியரின் தேதி ஜூலியன்; கிரிகோரியனில் மே 3. செர்வான்டஸ் இறந்ததோ ஏப்ரல் 22, அடக்கம் செய்யப்பட்டதுதான் 23. இங்கிலாந்து 1752இல்தான் நாட்காட்டியை மாற்றியது என்பதை மட்டும் நினைவில் வைத்தால், அதற்கு முந்தைய எந்த ஆங்கிலேயத் தேதியைப் பார்த்தாலும் ஒரு சந்தேகம் தானாக எழும்.

ஓவியங்களில் பெயரை நம்பினால் மோசம்தான். ரெம்பிராண்ட் 1642இல் (அதே எண்தான்) வரைந்து முடித்த ‘இரவுக் காவல்’ இரவுக் காட்சியே இல்லை. மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் கறுத்ததால் பின்னால் வந்தவர்கள் இரவு என்று எண்ணிப் பெயர் வைத்துவிட்டார்கள். மோனா லிசா துணியில் தீட்டியது என்று எழுதுவார்கள்; அது பாப்லர் மரப்பலகை. டாவின்சியின் ‘கடைசி இராவுணவு’ சுவரில் இருப்பதால் அதை ஈரச்சுவர் ஓவியம் என்று நினைப்பது இயல்பு. அவர் உலர்ந்த சுவரில் தீட்டினார், அதனால்தான் அவர் உயிரோடு இருந்தபோதே அது உதிரத் தொடங்கியது. சிஸ்டைன் தேவாலயக் கூரையை மைக்கேலாஞ்சலோ மல்லாந்து படுத்து வரைந்ததாக ஒரு கதை. 1508 முதல் 1512 வரை அவர் சாரத்தில் நின்று, தலையைப் பின்னால் சாய்த்துத்தான் வரைந்தார்.

பழைய குறிப்பேடு, புதிய விடை

புளூட்டோ 2006இல் கோள்களின் பட்டியலிலிருந்து நீங்கியது எல்லோருக்கும் தெரியும். அதிக நிலவுகள் உள்ள கோள் எது என்றால் இன்னும் வியாழன் என்று எழுதுபவர்கள்தான் அதிகம். 2025இல் ஒரே அறிவிப்பில் 128 புதிய நிலவுகள் சேர்ந்து, சனியின் கணக்கு 274 ஆனது. இனி வியாழன் எட்டிப் பிடிப்பது கடினம். ஸ்வாசிலாந்து 2018இல் எஸ்வாத்தினி ஆனது, மாசிடோனியா 2019இல் வட மாசிடோனியா ஆனது. கஜகஸ்தான் தலைநகரின் பெயர் 2019இல் அஸ்தானாவிலிருந்து நூர்சுல்தான் ஆகி, 2022இல் மீண்டும் அஸ்தானாவுக்கே திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் அச்சான புத்தகத்தை வைத்துப் படிப்பவர் பாவம். எண்ணிக்கை, தலைநகர், சாதனை இந்த மூன்றுக்கும் பக்கத்தில் ஆண்டைக் குறித்துவைப்பது நல்லது.

தலைநகர் என்றால் பெரிய நகரம் என்று ஊகிப்பதும் ஆபத்து. ஆஸ்திரேலியாவுக்கு கான்பெரா, கனடாவுக்கு ஒட்டாவா, துருக்கிக்கு அங்காரா, நைஜீரியாவுக்கு அபுஜா.

ஊகத்தால் வரும் தவறுகள் அறிவியலிலும் உண்டு. சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் புதன்தான் அதிக வெப்பமான கோள் என்று தோன்றும். வெள்ளியின் அடர்த்தியான கார்பன் டைஆக்சைடு வளிமண்டலம் வெப்பத்தை வெளியே விடாததால் அங்கே சுமார் 465 டிகிரி செல்சியஸ். சூரியனை நெருங்கும்போது கோடை வருகிறது என்பதும் அப்படியே. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், வடகோளத்தின் குளிர்காலத்தில். பருவங்களுக்குக் காரணம் அச்சின் 23.5 டிகிரி சாய்வு.

விண்வெளியிலிருந்து சீனப் பெருஞ்சுவர் வெறும் கண்ணுக்குத் தெரியும் என்ற கதையை 2003இல் சீன விண்வெளி வீரர் யாங் லிவேய் தானே போய்ப் பார்த்து, ‘தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டார். அப்புறமும் அந்தக் கேள்வி சாகவில்லை.

போட்டியில் உட்காரும்போது ஒரு சின்ன விஷயம். கேட்டதற்கு மேல் சொல்லாதீர்கள். குடும்பப் பெயர் மட்டும் போதும் என்றால் அதோடு நிறுத்துங்கள். முதல் பெயரையும் சேர்த்து, அது தவறாகிப் போனால் விடை முழுவதும் போகும். எழுத்துத் தேர்வில் ‘இவற்றுள் எது சரியல்ல’ என்பதில் ‘அல்ல’வை அடிக்கோடிட்டுவிட்டுத்தான் விருப்பங்களைப் பார்க்க வேண்டும்.

கேள்வி தயாரிப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. ‘உலகின் மிக நீளமான நதி’ என்று கேட்டால் பெரும்பாலான புத்தகங்களில் விடை நைல், சுமார் 6,650 கிலோமீட்டர். அமேசான் சுமார் 6,400. ஆனால் எந்த ஓடையை மூலம் என்று எடுக்கிறோம், முகத்துவாரத்தில் எங்கே முடிக்கிறோம் என்பதைப் பொறுத்து அமேசானே நீளம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். மேடையில் ஒருவர் எழுந்து இதைச் சொன்னால் நடத்துபவருக்குப் பதில் இருக்காது. ‘கடலில் மிக அதிக நீரைக் கொண்டு சேர்க்கும் நதி எது’ என்று கேட்டுப் பாருங்கள். அமேசானைத் தவிர வேறு விடையே இல்லை, சண்டையும் வராது.