கன்னியர் மடத்துப் புதுமைக் கதையை வாசிக்கும் முறை

இடைக்கால ஐரோப்பாவின் கன்னியர் மடத்துப் புதுமைக் கதையொன்றை, அதாவது தெய்வ அற்புதம் நிகழ்ந்ததாகச் சொல்லும் கதையொன்றைக் கையில் எடுத்தால், அது நடந்ததா என்ற வழக்கை ஒத்திவைத்துவிட்டு, யார், யாருக்காகச் சொன்னார் என்பதை முதலில் பாருங்கள். ஜெர்மனியின் ஹைஸ்டர்பாக் மடத்துத் துறவி சீசாரியுஸ், 1220-ஐ ஒட்டிய ஆண்டுகளில், குருவும் சீடனும் உரையாடுவதாக அமைத்த நூலில் சொல்லும் பெயாட்ரிக்ஸ் கதை நல்ல தொடக்கம்.

அடுத்து, கதையில் வரும் பொருள்களைக் கவனியுங்கள். மடத்துக் கோயிலின் காப்பாளரான பெயாட்ரிக்ஸ், காதல்வயப்பட்டு வெளியேறும்போது சாவிகளைப் பீடத்தின்மேல் வைத்து மரியன்னையிடமே பொறுப்பை ஒப்படைக்கிறாள். கைவிடப்பட்டு, 15 ஆண்டுகள் விலைமகளாக வாழ்ந்தபின் மடத்து வாயிலுக்கு வந்து, பெயாட்ரிக்ஸைத் தெரியுமா என்று தன்னைப் பற்றியே விசாரிக்கிறாள். நன்றாகத் தெரியும், அவர் இன்றளவும் மாசின்றி இங்கேதான் இருக்கிறார் என்கிறார் வாயிற்காவலர். அவளது உருவில் மரியன்னையே அத்தனை ஆண்டுகளும் வேலை பார்த்திருக்கிறாள். என் வரையில் அந்தச் சாவிக்கொத்தே கதையின் உயிர்.

பிறகு வடிவங்களை ஒப்பிடுங்கள். 1374-ஐ ஒட்டிய கையெழுத்துப் பிரதியில் உள்ள டச்சுக் கவிதையில் 15 ஆண்டுகள் 14 ஆகின்றன. காதலனுடன் 7 ஆண்டுகள் கழிகின்றன, இரண்டு குழந்தைகளும் பிறக்கிறார்கள். இத்தகைய மாற்றங்களை ஓரத்தில் குறித்துக்கொண்டே வாசியுங்கள்.