கோடையில் மாடித்தோட்டம்: முதலில் வேரைக் காப்பாற்றுங்கள்

சித்திரை வெயிலில் செத்த கத்தரிச் செடி ஒன்றைப் பையோடு கவிழ்த்து, மண்கட்டி சிதறாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். கிழக்குப் பக்கம் வேர் வெள்ளையாக இருக்கும். மேற்குப் பக்கம் பையின் சுவரை ஒட்டி ஓடிய வேரெல்லாம் பழுப்பேறி, விரலால் உருவினால் தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். பிற்பகல் ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை வெயில் அறைந்த பக்கம் அது. மண்ணில் ஈரம் இருந்திருக்கும், தண்ணீரும் தவறாமல் ஊற்றியிருப்பீர்கள். வேர் வெந்து போனதால் செத்த செடி இது.

தரையில் வளரும் செடி குளிர்ச்சி தேடி வேரைக் கீழே இறக்கிக்கொள்ளும். பையில் இறங்க இடமில்லை. பெரும்பாலான காய்கறிகளின் வேருக்கு 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் சுகமான வெப்பம். 35ஐத் தாண்டினால் நீர் உறிஞ்சுவதே தடுமாறும். வேலூர், திருச்சி, மதுரையில் மே மாதம் காற்றே 40ஐத் தொடும்போது, காங்கிரீட் தளத்தில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பைக்குள் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பை வாங்குவதிலிருந்து தண்ணீர் ஊற்றுவது வரை கோடையில் செய்யும் எல்லா வேலையையும் வேரின் பக்கம் நின்று யோசித்துச் செய்யுங்கள்.

பை, இடம், எடை

கோடைக்கு அளவுதான் முக்கியம். மண் அதிகமாக அதிகமாகச் சூடேறுவது தாமதமாகும். வெண்டை, மிளகாய், கொத்தவரைக்கு 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் போதும். கிட்டத்தட்ட 20 லிட்டர் மண் பிடிக்கும். கத்தரிக்கு 15க்கு 15. பாகல், பீர்க்கு, புடலை, சுரைக்கு 18 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். கீரைக்கு அகலம்தான் தேவை. 24 அங்குல அகலம், 9 அங்குல உயரம் உள்ள பை சரியாக இருக்கும். ஆறங்குலத் தொட்டியில் மிளகாய் வைத்து மே மாதத்தைத் தாண்டுவது வீண் முயற்சி.

வெளிப்பக்கம் வெள்ளையாக உள்ள பை கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஏற்கெனவே கறுப்பு, பச்சைப் பைகள் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். மேற்கு, தென்மேற்குப் பக்கத்தைப் பழைய கோணிச்சாக்கால் சுற்றிக் கட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது சாக்கையும் நனைத்தால், ஈரம் ஆவியாகும் வரை பை குளிர்ந்திருக்கும். மண்தொட்டி இந்த வேலையைத் தானாகவே செய்யும். ஆனால் அதே காரணத்தால் சீக்கிரம் காயும், எடையும் அதிகம்.

பையைத் தளத்தின் மேல் நேராக வைக்கக் கூடாது. இரண்டு அல்லது மூன்று செங்கல் மேல், அடியில் காற்று ஓடும்படி வையுங்கள். அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிப்பது பலரின் வழக்கம். அதற்கும் தளத்துக்கும் நடுவே தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும், கசிவு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. செங்கல்தான் மேல். வடிகால் துளைகள் அடியில் மட்டும் இருந்தால் வேரும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். பக்கச் சுவரில், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே நான்கு துளை கூடுதலாகப் போடுங்கள். மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அந்தச் சுவர் இரவு ஒன்பது மணி வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒன்றரை அடியாவது தள்ளியிருக்கட்டும்.

எடையை அலட்சியப்படுத்த வேண்டாம். 15 அங்குலப் பை நனைந்தால் 35 கிலோவைத் தாண்டும். ஆள் ஏறி நடமாடும் மாடிக்கு இந்தியத் தரநிலை கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அப்படிப்பட்ட பைகள் நான்கை ஒரே சதுர மீட்டரில் நெருக்கினாலே கணக்கு முடிந்துவிடும். கீழே பீம் அல்லது சுவர் ஓடும் கோட்டை ஒட்டி வரிசையாக வைப்பதுதான் பாதுகாப்பு. பழைய வீடென்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

மண் கலவை

எடை குறையட்டும் என்று முழுக்கக் கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்துகளில், செடி வைப்பவர்கள் உண்டு. மழைக்காலத்தில் தப்பிக்கலாம், கோடையில் அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்க மறுக்கும். ஊற்றிய தண்ணீர் பையின் ஓரமாக வழிந்து அடித்துளை வழியே ஓடிவிடும். நீங்கள் நனைந்துவிட்டது என்று நினைப்பீர்கள். நடுமண் பொடியாகவே இருக்கும்.

கோடைக்குச் செம்மண் 4 சட்டி, கோகோபீட் 3 சட்டி, நன்கு மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் 3 சட்டி என்ற அளவு நன்றாக நிற்கிறது. செம்மண் களியாக இருந்தால் ஒரு சட்டி ஆற்றுமணலோ எம்-சாண்டோ சேருங்கள். பைக்கு 50 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, வேப்பம் பிண்ணாக்கு. கலந்த மண்ணை லேசாக நனைத்து நிழலில் பத்து நாள் போட்டு வைத்து, பிறகு நிரப்புங்கள்.

இரண்டு இடத்தில் கவனம் தேவை. ஒன்று, கோகோபீட்டில் உப்பு இருக்கும். ஐந்து கிலோக் கட்டி ஊறினால் 60 லிட்டர் அளவுக்கு வரும். அதைப் பெரிய டப்பில் போட்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்தெடுங்கள். முதல் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். மூன்றாவது முறை வெளுத்திருந்தால் போதும். இன்னொன்று, மட்காத சாணம். அது பைக்குள் மட்கத் தொடங்கினால் தானே சூட்டைக் கிளப்பும். கையில் எடுத்தால் வாடை இல்லாமல், உதிரி உதிரியாக இருந்தால்தான் தொழுவுரம்.

பையை விளிம்பு வரை நிரப்பாமல் மேலே இரண்டரை அங்குலம் விடுங்கள். மூடாக்குக்கும் தண்ணீர் நிற்பதற்கும் அந்த இடம் வேண்டும். மூடாக்கு என்றால் காய்ந்த சருகு, கரும்புச் சோகை, உரித்த தேங்காய் மட்டைத் துண்டு என்று கிடைப்பதை இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்புவது. தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டுப் பரப்புங்கள். ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். கோடையில் செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய உதவி இதுதான். ஆனாலும் பாதிப் பேர் செய்வதில்லை.

எதை, எப்போது

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கும்போது செடி வேர் பிடித்து, தன் இலையாலேயே தன் பைக்கு நிழல் போட்டுக்கொள்ளும் வளர்த்தியில் இருக்க வேண்டும். அதற்குத் தை, மாசியில் விதைத்துவிட வேண்டும். ஏப்ரல் கடைசியில் நாற்று வாங்கி வந்து நடுவது பணத்துக்கும் கேடு, மனசுக்கும் கேடு.

வெயிலைத் தாங்குபவை: வெண்டை, கொத்தவரை, காராமணி, கத்தரி, மிளகாய், பாகல், பீர்க்கு, புடலை, தண்டுக்கீரை, அரைக்கீரை, கொடிப்பசலை. தக்காளியை இந்தப் பருவத்துக்கு எதிர்பார்க்காதீர்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வீணாகிப் பூ காம்போடு உதிரும். உரம் குறைவு என்று நினைத்து உரத்தைக் கொட்டினால் இலைதான் பெருக்கும். குடைமிளகாய்க்கும் இதே கதி. பி.கே.எம்.1 தக்காளி விதை கையில் இருந்தால் ஆடிக்கு எடுத்து வையுங்கள்.

வெண்டை விதையை இரவு முழுக்க ஊறவைத்து, பைக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, முளைத்ததும் வலுவானதை மட்டும் விடுங்கள். 35 முதல் 40 நாளில் பூக்கும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், மூன்றாம் நாள் நார் கட்டிவிடும். கீரை விதையை நான்கு பங்கு மணலோடு கலந்து தூவுங்கள். எறும்பு விதையைச் சுமந்து போகும். பை விளிம்பில் கொஞ்சம் ரவையைத் தூவி வைத்தால் முதலில் அதைத்தான் தூக்கும், அதற்குள் விதை முளைத்துவிடும். தண்டுக்கீரை 35 முதல் 40 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரையை அடி விட்டு அறுத்தால் திரும்பத் திரும்பத் தழையும்.

கொடி வகைகளை மேற்குப் பக்கம் வையுங்கள். பந்தலில் ஏறிய பீர்க்கு, பிற்பகல் வெயிலை மற்ற செடிகள் மேல் விழாமல் மறிக்கும். வெப்பம் கூடினால் கொடியில் ஆண்பூ பெருகும், பெண்பூ குறையும்; தேனீயும் மாடிக்கு அவ்வளவாக வராது. ஆகவே கைமகரந்தம் செய்யத்தான் வேண்டியிருக்கும். பூவுக்கு அடியில் பிஞ்சு போல வீங்கியிருந்தால் அது பெண். ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி, அதன் நடுப்பகுதியைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரியும், பாகல் காலையில் விரியும். நேரம் தவறினால் பயனில்லை.

நிழல்வலை

மார்ச் நடுவிலிருந்து ஜூன் வரை 50 சதவீத நிழல்வலை. அதற்குப் பதில் 75 சதவீத வலை போட்டால் செடி வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து காய்க்காமல் நிற்கும். வலையை ஏழெட்டு அடி உயரத்தில் கட்டுங்கள். செடியின் தலையில் படும்படி தாழக் கட்டினால் சூடு அதற்குள் தங்கிவிடும். மேலே மட்டும் கட்டிவிட்டு மேற்கைத் திறந்து விடுவது பெரிய தவறு. மூன்று மணி வெயில் சாய்வாக உள்ளே வரும். மேற்கில் ஒரு திரை போலத் தொங்க விடுங்கள், மற்ற மூன்று பக்கமும் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். மே மாதக் கோடைமழைக் காற்று வலையைக் கிழித்துவிடும். விளிம்பை மடித்து, உள்ளே கயிறு கோத்துத் தைத்துக் கட்டினால் தாங்கும். மழைக்காலம் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள்.

தண்ணீர்

காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முதல் தண்ணீர். மே மாதத்தில் வெண்டைப் பைக்கு நாளைக்குச் சுமார் 2 லிட்டர், காய்க்கும் கத்தரிக்கு 3 முதல் 4 லிட்டர். இதைக் காலையும் மாலையும் பிரித்துக் கொடுங்கள். எண்ணிக்கையை விட விரலை நம்புங்கள். மூடாக்கை விலக்கி இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டினால் அந்த வேளை வேண்டாம்.

மாடி டேங்க்கில் கிடக்கும் தண்ணீரும், தளத்தில் வெயில் காய்ந்து கிடக்கும் ஹோஸில் நிற்கும் தண்ணீரும் மாலையில் கையில் பட்டாலே சுடும். அதை அப்படியே செடிக்குப் பிடிப்பது வெந்நீர் ஊற்றுவது போலத்தான். ஹோஸிலிருந்து சூடு அடங்கும் வரை வாளியில் பிடித்து ஆற வையுங்கள். டேங்க் தண்ணீரே சுட்டால் ஆறரை மணிக்கு மேல் ஊற்றுங்கள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு இலை தொங்கினால் பதறி ஓட வேண்டாம். வேர் கொடுப்பதை விட இலை வேகமாக இழக்கிறது, அவ்வளவுதான். சாயங்காலம் ஆறரைக்கு நிமிர்ந்துவிட்டால் செடி நலம். விடியற்காலையிலும் தொங்கியே இருந்தால்தான் கோளாறு. பையை ஒரு பக்கம் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் உள்மண் காய்ந்துவிட்டது: குச்சியால் நாலைந்து இடத்தில் துளையிட்டு, பத்து நிமிட இடைவெளியில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். கனமாக இருந்தால் வேர் அழுகியிருக்கிறது: தண்ணீரை நிறுத்தி, துளைகளைக் குத்தித் திறந்து, நிழலுக்கு நகர்த்துங்கள். வாடியதெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம் என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றிக் கொன்ற செடிகள்தான் அதிகம்.

போர்த் தண்ணீர் உப்பென்றால் மண்ணின் மேலும் பையின் விளிம்பிலும் வெள்ளையாகப் படியும், இலை ஓரம் கருகும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை வழக்கத்தைப் போல மூன்று மடங்கு ஊற்றி, அடியில் வழிய விடுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை, தாராளமாகப் பிடித்து வையுங்கள். ஆர்.ஓ. கழிவு நீர் வேண்டாம். உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது.

ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், முன்பருவத்தில் காய்க்கும் தக்காளியின் அடிப்பகுதி கறுத்துக் குழியும். கால்சியம் பிஞ்சுக்குப் போய்ச் சேராததுதான் காரணம். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் அது கரைவதற்குள் பருவமே முடிந்துவிடும். தண்ணீரை ஒழுங்காக்கினால் அடுத்த பிஞ்சு நன்றாக வரும்.

உரமும் பூச்சியும்

கோடையில் உரத்தைப் பாதியாக்குங்கள், வறண்ட மண்ணில் எதையும் ஊற்றாதீர்கள். கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிவைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை செடிக்கு அரை லிட்டர், அதுவும் காலைத் தண்ணீருக்குப் பிறகு. பிண்ணாக்கை அப்படியே வேரடியில் போட்டால் எறும்பும் பூஞ்சையும் வரும்.

வறண்ட வெயிலில் முதலில் வருவது சிவப்புச் சிலந்தி. இலையின் மேல் ஊசி குத்தியது போல வெளிறிய புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. வெள்ளைத் தாளில் இலையைத் தட்டினால் பொடிப்பொடியாக ஊரும். வாரம் இரண்டு நாள் காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மாவுப்பூச்சி, வெள்ளை ஈக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய 2 மில்லி சோப்புக் கரைசல். முதலில் சோப்பைத் தண்ணீரில் கலந்து, பிறகு எண்ணெயை ஊற்றிக் குலுக்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகே தெளியுங்கள். காலையில் தெளித்தால் எண்ணெய் படிந்த இலை மத்தியானம் பொரிந்து போகும். வெண்டை இலை நரம்பு மஞ்சளாக வலைப் பின்னினால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் நச்சுயிரி. மருந்து கிடையாது, பிடுங்கிப் போடுங்கள்.

ஜூன் முதல் வாரம், கத்தரி வெயில் கழிந்ததும், காய்த்து ஓய்ந்த கத்தரிச் செடியை ஓரடி விட்டு, மூன்று நான்கு கிளையோடு வெட்டிக் கவாத்து செய்யுங்கள். மேல் மண் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்து அதே அளவு தொழுவுரம் போட்டால், மூன்று வாரத்தில் அடியிலிருந்து துளிர் கிளம்பி ஆடியில் மறுபடி பூக்கும். வெண்டைப் பைகளைக் காலி செய்து, வேரைப் பொறுக்கி, மண்ணை ஒரு வாரம் மெல்லிய கனத்தில் வெயிலில் பரப்புங்கள். கால் பங்கு புது உரம் கலந்து திரும்ப நிரப்புங்கள். குழித்தட்டில் தக்காளி விதை போட வேண்டியதும் அந்த வாரம்தான். நாலைந்து இலை விட்ட நாற்று கைக்கு வரும்போது ஆடிப்பட்டம் தொடங்கியிருக்கும்.