கொப்புளம் போட்ட வால்பேப்பர்

ஐப்பசி மழை முடிந்ததும் படுக்கையறை வால்பேப்பரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கொப்புளம். ஒட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒட்டியவர் வந்து, சிரிஞ்சில் பசை ஏற்றி அழுத்திவிட்டுப் போனார். பத்தே நாளில் மறுபடி உப்பியது.

ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். பின்பக்கம் கரும்புள்ளியாகப் பூஞ்சை, ஈர மண் வாசனை. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை! ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டேன். சுவரைத் தொடும் பக்கம் முத்து முத்தாய் வியர்த்திருந்தது. நான் ஒட்டியிருந்தது பிளாஸ்டிக் பூச்சுள்ள வினைல் தாள்; அது ஈரத்தை வெளியே விடாது. பசை ஊறிக் கழன்றதில் ஆச்சரியமே இல்லை.

குளியலறை டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி, தண்ணீர் புகாத எபாக்சி கலவை அடைத்தோம். தாளை முழுக்க உரித்து, பூஞ்சையைத் துடைத்தெடுத்து, இரண்டு மாதம் சுவரைக் காயவிட்டேன். ஆசையாய் வாங்கிய பூ வேலைப்பாடு போய் வெறும் சுவரைப் பார்க்க மனசு கஷ்டப்பட்டது. அப்புறம் பட்டி, பிரைமர். அதன்மேல் மறுபடி பூப்போட்ட வால்பேப்பர், இந்த முறை நான்-வோவன் (நெய்யாத இழைகளால் ஆன) தாள். இதற்குப் பசையைச் சுவரிலேயே பூசலாம். 53 செ.மீ. அகல ரோல். முதல் துண்டுக்குத் தூக்குக்குண்டு பிடித்துக் கோடு போட்டேன். அது சாய்ந்தால் பூ வரிசை மொத்தமும் சாயும்.

இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. விரலால் தட்டினால் எங்கும் பொள்ளல் சத்தம் இல்லை.