பிக்கப்புக்கு லிஃப்ட் கிட் போடப் போறீங்களா? இன்ச்ச விடுங்க, மொதல்ல எடை மேடைக்குப் போங்க

பிக்கப் வாங்குன கொஞ்ச நாள்ல எல்லாருக்கும் வர்ற ஆசைதான், ஸ்பிரிங், ஷாக் மாதிரி பாகங்கள மாத்தி (அதுதான் லிஃப்ட் கிட்) வண்டிய கொஞ்சம் தூக்கணும். மொத கேள்வியும் எல்லாரும் ஒண்ணுதான் கேப்பாங்க, "எத்தனை இன்ச் போடலாம்?" என்கிட்ட இருக்கிறது இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், நானும் அதத்தான் கேட்டேன், அதனாலேயே ரெண்டு தடவை காசு செலவாச்சு. கேக்க வேண்டியது எடைய. வண்டில நிரந்தரமா எத்தனை கிலோ உக்காரப் போகுதுன்னு தெரிஞ்சாதான் எந்த ஸ்பிரிங்னு முடிவு பண்ண முடியும், உயரம் அதுகூட தானா வரும்.

அதனால டேங்க் ஃபுல் பண்ணிட்டு, வழக்கமா வண்டில கெடக்கிற சாமான் எல்லாத்தையும் வச்சுட்டு பக்கத்துல இருக்கிற லாரி எடை மேடைக்குப் போங்க. முன் சக்கரம் மட்டும் மேடைல ஏத்தி ஒரு சீட்டு, மொத்த வண்டியும் ஏத்தி ஒரு சீட்டு, பின் சக்கரம் மட்டும் ஒரு சீட்டு. இந்த மூணு நம்பரும் கைல இருந்தா கடைக்காரர் சும்மா ஒரு கிட்ட உங்க தலைல கட்ட முடியாது. இனிமே மாட்டப் போறதையும் சேத்துக்கோங்க. ஸ்டீல் பம்பரும் வின்ச்சும் (மாட்டிக்கிட்ட வண்டிய கயிறு கட்டி இழுக்கிற மோட்டார்) சேந்தா 80, 100 கிலோ சுலபமா வந்துரும், அதுவும் முன் ஆக்சிலுக்கு முன்னாடி தொங்குற எடைங்கறதால ஆக்சில் மேல விழுற பாரம் அதோட சொந்த எடைய விட அதிகமாவே இருக்கும். பின்னாடி கேனபி (தொட்டி மேல போடுற கூண்டு மூடி), கூரை டென்ட், ஃப்ரிட்ஜ் இதெல்லாம் தனிக் கணக்கு.

ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் மாதிரி ஆஸ்திரேலியா கம்பெனிங்க ஸ்பிரிங்க எடைக்குத் தகுந்த மாதிரி பிரிச்சு விக்கிறாங்க, முன்னாடிக்கு ஒண்ணு பின்னாடிக்கு ஒண்ணுன்னு தனித்தனியா எடுக்கலாம். வருசத்துல ரெண்டு தடவை மூட்டை ஏத்துறதுக்காக பின்னாடி ஹெவி பட்டை (லீஃப் ஸ்பிரிங்) போட்டீங்கன்னா மீதி நாள் பூரா காலி வண்டி பின்னாடி துள்ளும், ஜல்லி ரோட்டு வளைவுல பின் சக்கரம் பிடிமானம் இல்லாம வெளிய ஓடும். எப்பவும் இருக்கிற எடைக்கு ஸ்பிரிங் வாங்குங்க, எப்பவாவது ஏத்துற எடைக்கு இல்ல.

அடுத்து முன்பக்கம், ஏமாறுறது பெரும்பாலும் இங்கதான். வி-கிராஸ், ஹைலக்ஸ் ரெண்டுக்கும் முன்னாடி டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தப் புடிக்க மேல ஒரு ஆர்ம், கீழ ஒரு ஆர்ம்; காயிலும் (சுருள் ஸ்பிரிங்) ஷாக்கும் ஒரே செட்டா இருக்கும். ஒரு கடைல எனக்கு அந்த செட்டுக்கு மேல ஸ்பேசர்னு ஒரு தடிமனான வளையம் வச்சு குடுத்தாங்க, மலிவு, ரெண்டு மணி நேர வேலை, பாக்கவும் நல்லாத்தான் இருந்துச்சு. ஷாக் கீழ் ஆர்மோட நடுவாக்குல உக்காந்திருக்கிறதால மேல 25 மில்லி ஸ்பேசர் வச்சா சக்கரத்துகிட்ட கிட்டத்தட்ட 50 மில்லி ஏறும், ஆனா ஸ்பிரிங் பழைய அதே ஸ்பிரிங், ஷாக் அதே ஷாக், எடை தாங்குற சக்தி ஒரு கிலோகூட கூடாது. அதவிட மோசம், சக்கரம் குழில தொங்கும்போது ஆர்ம் கம்பெனி நெனச்சத விட கீழ இறங்கும், மேல் ஆர்ம் நுனில இருக்கிற பால் ஜாயின்ட்டும், சக்கரத்துக்கு சுழற்சி கொண்டுபோற சிவி ஜாயின்ட்டும் ஓவர் கோணத்துல வேலை செய்யும். எனக்கு சிவி பூட் (அந்த ஜாயின்ட்டோட ரப்பர் உறை) கிழிஞ்சு கிரீஸ் வீல் உள்பக்கம் பூரா தெறிச்சிருந்துச்சு, நல்லவேளை சீக்கிரம் பாத்துட்டேன், பாக்காம விட்டிருந்தா மண்ணு உள்ள போய் ஜாயின்ட்டே போயிருக்கும். அதனால ஸ்பேசர் வேண்டாம்னு உறுதியா சொல்றேன், காயிலும் ஷாக்கும் சேத்து மாத்துங்க, காசு இல்லன்னா சேத்து வச்சுட்டு அப்புறம் பண்ணுங்க.

உயரம்? 40 மில்லி. கரிசல் மண்ணு, ஆத்து மணல், எஸ்டேட் ரோடு எல்லாத்துக்கும் இது போதும். 50 தாண்டுனா கேஸ்டர் (ஸ்டீரிங்க நேரா நிக்க வைக்கிற சாய்வுக் கோணம்) சரியா வராது, ஸ்டீரிங் நேரா நிக்காம அலையும், மேல் கன்ட்ரோல் ஆர்மையும் மாத்த வேண்டி வரும், ஒண்ணத் தொட்டா இன்னொண்ணுன்னு செலவு நீண்டுகிட்டே போகும். புவியீர்ப்பு மையமும் மேல ஏறுதுங்கறத மறக்காதீங்க, சரிவுல குறுக்கால போகும்போது அது நல்லாவே தெரியும்.

இன்னொண்ணு பலபேருக்குத் தெரியல, லிஃப்ட் பண்றதால பின் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவுல தொங்குற கியர் உருண்டை) தரைலருந்து ஒரு மில்லிகூட ஏறாது. அது ஆக்சிலோட இருக்கு, ஆக்சில் டயர் மேல நிக்குது. பாடி, சேசிஸ், முன்பக்க கோணம் இதெல்லாம்தான் ஏறும். டிஃபரன்ஷியல் ஏறணும்னா டயர்தான் பெருசாகணும், அதுலயும் பாதிதான் கெடைக்கும். 255/60 ஆர்18 டயரோட விட்டம் சுமார் 763 மில்லி, 265/70 ஆர்17 சுமார் 803, வித்தியாசம் 40, ஆக்சிலுக்குக் கெடைக்கிறது 20. கூடவே ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது முன்ன விட 5 சதவீதம் வேகமா ஓடுவீங்க.

பின்பக்கம் பட்டை. இதுல நாலு வழி இருக்கு. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல கட்டை வைக்கிறது, நீள சாக்கிள் (பட்டை நுனிய சேசிஸோட சேக்கிற இணைப்பு) போடுறது, ஒரு பட்டை கூட சேக்கிறது, இல்ல முழு செட்டையும் மாத்துறது. கட்டை வச்சா ஏத்தத்துல ஆக்சில் பட்டையப் புடிச்சு முறுக்கும், எனக்கு அது பிடிக்கல. எடைக்கு ஏத்த முழு செட் போட்டுட்டா நிம்மதி. சில பட்டறைல பழைய பட்டைய சூடு பண்ணி வளைவு ஏத்தித் தர்றேன்னு சொல்லுவாங்க, சரியா டெம்பர் பண்ணாம (பதம் ஏத்தாம) விட்டா கொஞ்ச நாள்ல படுத்துரும், சமயத்துல ஒடிஞ்சும் போகும். பட்டைய ஆக்சிலோட கட்டுற யூ போல்ட் எப்பவும் புதுசுதான் போடணும், பழசு ஒரு தடவை இழுபட்டது.

ஷாக் நீளம் புது உயரத்துக்கு ஒத்துப்போகணும், இது முக்கியம். ஷாக் ஒரே குழாயா (மோனோட்யூப்) ரெண்டு குழாயா (ட்வின் ட்யூப்) இருக்கணும்ங்கறது அதுக்கு அப்புறம்தான். நாள் பூரா கல்லு ரோட்டுல வேகமா ஓட்டுறவங்களுக்கு மோனோட்யூப் சூட்ட சீக்கிரம் வெளியேத்தும், மத்தவங்களுக்கு நல்ல ட்வின் ட்யூபே தாராளம்.

காசு கட்றதுக்கு முன்னாடி சட்டத்தையும் பாத்துருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, அதுக்கப்புறம் 2019 ஜனவரில வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ரெண்டும் கம்பெனியோட அசல் ஸ்பெசிபிகேஷனை மாத்துற விஷயத்துல கறாரா இருக்கு. ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டு எழுத்துல வாங்குங்க, முடியாதுன்னு சொன்னா கம்பெனி உயரத்துலயே நல்ல ஷாக்கும் எடைக்கேத்த ஸ்பிரிங்கும் கெடைக்குதான்னு பாருங்க, ஓட்டுற சுகத்துல பாதிக்கு மேல அதுலயே வந்துரும்.

மாட்டுற அன்னைக்கு நீங்களும் கூட நில்லுங்க. வண்டி ஜாக்கில ஏறுறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்துலயும் வீல் நடுவுலருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து எழுதிக்கோங்க. ஆர்ம், பட்டை நுனில இருக்கிற ரப்பர் புஷ்ஷோட போல்ட் எல்லாம் வண்டி தரைல முழு எடையோட நிக்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்கணும், தொங்கும்போது முறுக்கிட்டா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். சக்கரத்த முழுசா தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு பாருங்க. அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம் ரெண்டும் அன்னைக்கே. ஆயிரம் கிலோமீட்டர் ஓடுனதும் யூ போல்ட்ட திரும்ப சரியான அளவுக்கு முறுக்கிட்டு அதே டேப்பால நாலு பக்கமும் மறுபடி அளங்க, புது ஸ்பிரிங் கொஞ்சம் உக்காரும். டிரைவர் பக்கம் மட்டும் பத்து மில்லி மாதிரி இறங்கியிருந்தா அந்தப் பக்கக் காயிலுக்கு ஒரு மெல்லிசான பேக்கர் (உயரம் சரிபண்ண வைக்கிற வளையம்) கேட்டு வாங்குங்க.